படிக்கத் திணறுவது கண்ணாலா, மூளையாலா? கேள்வி பதில்

கே: என் மகள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் பீ (b), டீ (d) இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறாள். கண்ணில் கோளாறா, மேடம்?

ப: கண்ணை ஒருமுறை காட்டிவிடுங்கள், தப்பில்லை. ஆனால் டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் கற்பதில் வரும் சிரமம், கண் கோளாறு அல்ல. கோப்பையின் பிடி எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அது கோப்பைதான் என்று பழகிய மூளை நம்முடையது. எழுத்தில் மட்டும் திரும்பினால் வேறு என்றால் அது குழம்பத்தான் செய்யும். தொடக்கத்தில் நிறையப் பிள்ளைகள் இப்படி எழுதுவார்கள். இதை மட்டும் வைத்து டிஸ்லெக்சியா என்று முடிவுகட்ட வேண்டாம்.

கே: அப்போ சிக்கல் எங்கேதான்?

ப: பெரும்பாலும் ஒலியில். ‘படம்’ என்று சொல்லி, ‘ப’வை எடுத்துவிட்டு ‘த’ போடச் சொல்லுங்கள். சட்டென்று ‘தடம்’ வர வேண்டும். சரளமாகப் பேசுகிற பிள்ளைகூட இங்கே நின்றுவிடும். சொல்லை ஒலிகளாகப் பிரிக்க வராவிட்டால் எழுத்தோடு எதைச் சேர்ப்பது?

கே: அசைவைப் பார்க்கும் மூளைப் பகுதி இவர்களுக்கு மந்தம் என்று படித்தேனே?

ப: 1996இல் மூளை ஆய்வாளர் கினிவியர் ஈடன் குழு கண்டது அது. நகரும் புள்ளிகளைக் காட்டியபோது, டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு வி5 என்ற பகுதி சரியாக வேலை செய்யவில்லை. உடனே அதுதான் காரணம் என்று சிலர் கிளம்பிவிட்டார்கள். 2013இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஈடன் குழுவே மறுபடி உரசிப் பார்த்தது. இம்முறை, அதே அளவு வாசிக்கத் தெரிந்த சின்னப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். வித்தியாசத்தைக் காணோம்! வாசிப்புப் பயிற்சி கொடுத்ததும் வி5இன் செயல்பாடும் கூடியது. ஆக, குறைவாக வாசித்ததன் விளைவைத்தான் காரணம் என்று எண்ணியிருக்கிறார்கள். தன் கண்டுபிடிப்பைத் தானே சோதித்தாரே, அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

கே: கலர் கண்ணாடி போட்டால் வாசிப்பு எளிதாகும் என்கிறார்களே?

ப: வேண்டாம். உருப்படியான ஆதாரம் கிடையாது.

கே: ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமா?

ப: தெரியாது. பலருடைய ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிற வித்தியாசம் அது. ஒரு பிள்ளைக்கு உண்டா இல்லையா என்பதை வாசிக்கவும் எழுதவும் வைத்துத்தான் கண்டறிவார்கள்.

கே: எனக்கும் சின்ன வயதில் இதே பாடுதான். என் மகனுக்கு நாலு வயது. அவனுக்கும் வருமா?

ப: குடும்பத்தில் ஓடுகிற விஷயம்தான். வாய்ப்பு அதிகம், நிச்சயம் இல்லை. பள்ளியில் பின்தங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். இன்றைக்கே புத்தகம் இல்லாமல் ‘படம், தடம், இடம்’ விளையாடத் தொடங்குங்கள்.