ஐ.டி. ஆட்களை அனுப்பிவிட்டு வேலையை வெளியே விட்டுவிடலாமா?

கேள்வி: ஐயா, மண்டபம் பக்கம் அண்ணனும் நானும் ஒரு கடல் உணவு ஏற்றுமதி கம்பெனி நடத்துகிறோம். நண்டு, கணவாய், கொஞ்சம் இறால். ஷெட்டில் வேலை பார்ப்பவர்களோடு சேர்த்து 140 பேர். கம்ப்யூட்டர், நெட் எல்லாம் பார்க்கிற ஐ.டி.க்கு என்று மூன்று பேர், அதில் ஒருவர் சென்னைக்குப் போகிறேன் என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டார். மூவருக்கும் சம்பளம், பி.எஃப்., போனஸ் எல்லாம் சேர்த்து மாதம் 85,000 ஆகிறது. மதுரைக் கம்பெனி ஒன்று 55,000-க்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறோம் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. "ஐஸை வெளியே வாங்குகிறோம், லாரியை வாடகைக்கு எடுக்கிறோம், இதை மட்டும் ஏன் உள்ளே வைத்திருக்க வேண்டும், பெரிய பெரிய கம்பெனியே அப்படித்தான் செய்கிறது" என்கிறார் அண்ணன். எனக்கு மனசு ஒப்பவில்லை, காரணம் சொல்லத்தான் தெரியவில்லை.
ஒரு வாசகி, மண்டபம்

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம் அம்மா, ஏனென்றால் அண்ணன் பிடித்துக்கொண்டிருப்பது அந்த 30,000 மிச்சத்தைத்தான். 55,000-க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 9,900. ஏற்றுமதி செய்பவர்கள் என்பதால் அது ரீஃபண்டாகத் திரும்பலாம், ஆனால் வரும்வரை முடங்கிக் கிடப்பது உங்கள் காசு. அப்புறம் கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், மாதம் இத்தனை தடவைதான் நேரில் வருவோம், அதற்கு மேல் தனிக்காசு, லைசென்ஸ் தனி, உதிரிபாகம் தனி என்று பொடி எழுத்தில் இருக்கும். அது இல்லாத கொட்டேஷனை நான் இதுவரை பார்த்ததில்லை. மதுரையிலிருந்து மண்டபத்துக்குச் சுமார் 150 கிலோமீட்டர், ஓர் ஆள் வந்து போனால் ஒரு நாள் போச்சு, அந்த நாளை யாரும் சும்மா தரமாட்டார்கள். இதற்கெல்லாம் மேலே, உங்கள் ஆள் ஒருவரையாவது உள்ளே வைத்துக்கொண்டே ஆக வேண்டும் (ஏன் என்று கீழே வருகிறேன்), அவர் சம்பளத்தைக் கூட்டினால் மறுபடியும் 85,000-க்கே வந்து நிற்பீர்கள். ஆக, காசு மிச்சம் என்ற ஒரே காரணத்துக்காக என்றால் கொடுக்காதீர்கள்.

கொடுப்பதற்கு வேறு நல்ல காரணம் உண்டு. ஒருவர் கிளம்பியதுமே நீங்கள் ஆடிப்போயிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான். சின்னக் கம்பெனிகளில் ஐ.டி. என்பது ஒன்றிரண்டு பேரின் தலைக்குள் இருக்கிறது, அவருக்குக் காய்ச்சல் வந்தால் கம்பெனிக்கே காய்ச்சல். தவிர, எந்த வைரஸ் எந்த ஓட்டை வழியாக வருகிறது என்று தினமும் பார்த்துக்கொண்டிருப்பது தனித் தொழிலாகிவிட்டது, பிரிண்டரையும் பார்த்து, சிசிடிவியையும் பார்த்து, முதலாளி வீட்டு வைஃபையையும் பார்க்கிற ஒரு பையனிடம் அதையும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. பத்துக் கம்பெனிக்குச் செய்கிறவர்கள் அதை நன்றாகவே செய்வார்கள்.

அண்ணன் சொன்ன ஐஸ் உதாரணம் எனக்குப் பிடித்திருக்கிறது, அதையே எடுத்துக்கொள்கிறேன். ஐஸ் வெளியே, லாரி வெளியே, சரி. நண்டைத் தரம் பிரிக்கிற மேஜையை எவருக்காவது காண்டிராக்ட் விட்டிருக்கிறீர்களா? விடமாட்டீர்கள். ஐஸ் எந்த ஃபேக்டரி ஐஸாக இருந்தாலும் ஐஸ்தான், ஒருத்தன் தரவில்லை என்றால் இன்னொருத்தன். மேஜையில் ஒரு பெட்டி தப்பிப்போனால் கெடுவது உங்கள் பெயர். ஐ.டி.யிலும் அப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். மெயில், ஆன்டிவைரஸ், ஃபயர்வால், விண்டோஸ் அப்டேட், பேக்கப், கேமரா, கைரேகை மெஷின் எல்லாம் ஐஸ், தாராளமாக வெளியே விடலாம்.

மேஜை எது தெரியுமா, எந்தப் படகின் மீன் எந்த லாட்டில் (ஒரே நம்பரில் போகிற சரக்குத் தொகுதி), எந்தப் பெட்டியில், எந்தத் தேதியில் போனது என்ற அந்தப் பதிவு. கடலில் பிடித்த மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜனவரியிலிருந்து கேட்ச் சர்டிபிகேட் (சட்டப்படி பிடித்த மீன்தான் என்ற சான்று) கேட்கிறது, கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான எம்பெடாவில் அதை வாங்க நீங்கள் படுகிற பாடு எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஒரு பெட்டி பரிசோதனையில் தேறவில்லை என்றால் வாங்குகிறவர் லாட் நம்பரைச் சொல்லி உடனே விவரம் கேட்பார். அந்த எக்செல் ஷீட்டிலோ சாஃப்ட்வேரிலோ ஏன் ஒரு நெடுவரிசை மஞ்சள் கலரில் இருக்கிறது, ஏன் ஒரு படகுக்கு இரண்டு நம்பர் இருக்கிறது என்பதெல்லாம் உங்கள் ஐ.டி. பையனுக்குத்தான் தெரியும். மதுரையில் போனை எடுக்கிறவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருப்பார், அவருக்கு நண்டு லாட்டும் ஒன்றுதான், சிமென்ட் மூட்டையும் ஒன்றுதான்.

நேரத்தையும் யோசியுங்கள். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்பது ஊரறிந்த முறை. ராமேஸ்வரம் பக்கம் திங்கள், புதன், சனியில் போகிற படகுகள் மறுநாள் விடியலில் கரைக்கு வரும். அப்படியானால் உங்கள் எடை மெஷின் கம்ப்யூட்டருக்கு உயிர் போகிற நேரம் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலை. கொட்டேஷனில் 'வேலை நேரம்: திங்கள் முதல் சனி, 9.30 முதல் 6.30' என்று போட்டிருக்கும், வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள். ஞாயிறு காலை ஐந்தரைக்கு லேபிள் பிரிண்டர் மக்கர் செய்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? உப்புக்காற்றில் நெட்வொர்க் ஸ்விட்ச் துருப்பிடிப்பதை மதுரையிலிருந்து ரிமோட்டில் பார்க்கவும் முடியாது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய கம்பெனியே கொடுக்கிறது என்ற வாதத்துக்கு ஒரு கதை. அமெரிக்காவின் ஜேபி மார்கன் சேஸ் வங்கி 2002 கடைசியில் தன் ஐ.டி.யில் பெரும்பகுதியை ஏழு வருடத்துக்கு ஐ.பி.எம்.மிடம் கொடுத்தது, 500 கோடி டாலர் ஒப்பந்தம், 4,000 பேர் வரை அந்தப் பக்கம் மாற்றப்பட்டார்கள். 2004-ல் இன்னொரு வங்கியோடு இணைந்த பிறகு, இந்த வேலை நம் கையில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி எல்லாவற்றையும், ஆட்களோடு சேர்த்து, திரும்ப எடுத்துக்கொண்டது. அவர்களால் முடிந்தது, அவ்வளவு பணம் இருந்தது. நாமெல்லாம் ஒருமுறை அனுப்பிய ஆளைத் திரும்பக் கூப்பிட்டால் அவர் அதற்குள் திருப்பூரில் இருப்பார்.

நம் ஊர் விஷயமும் ஒன்று உண்டு. 2024 ஜூலை கடைசியில், சின்ன வங்கிகளுக்குச் சேவை கொடுக்கும் ஒரே ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தில் ரான்சம்வேர் (டேட்டாவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்ததால், கூட்டுறவு வங்கி, கிராம வங்கி என்று நாடு முழுக்க 300 வங்கிகள் வரை பணப் பரிமாற்ற வலையிலிருந்து தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டன. அந்த வங்கிகள் ஒரு தப்பும் செய்யவில்லை, அவர்கள் எல்லோரும் ஒரே ஆளிடம் கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இனி என் சொந்த அனுபவம். பல வருடம் முன்பு நான் வேலை பார்த்த ஒரு குளிர்பதனக் கம்பெனியில் வெப்சைட், மெயில் எல்லாம் வெளி ஆளிடம் விட்டிருந்தோம். பில் பாக்கி விஷயத்தில் முதலாளிக்கும் அவருக்கும் வாய்த்தகராறு. மறுநாள் மெயில் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால் டொமைன் பெயரே (வெப்சைட்டுக்கும் மெயிலுக்குமான முகவரி) அவர் பெயரில், அவர் ஜிமெயிலில் பதிவாகியிருக்கிறது, ஆறு வருடமாக யாரும் கவனிக்கவில்லை, கவனிக்க வேண்டிய நானும் கவனிக்கவில்லை. பதினோரு நாள். ஸ்பெயினில் இருந்த பையர் எங்களுக்கு என்ன ஆச்சு என்று சென்னையில் இருந்த எங்கள் போட்டியாளரிடம் விசாரித்தார், அந்த அவமானம் இன்றும் மறக்கவில்லை. அதனால் வேலையை யாரிடம் கொடுத்தாலும் சாவி உங்களிடம் இருக்கட்டும். டொமைன் கம்பெனி பெயரில், மெயிலுக்கும் சர்வருக்கும் டாலிக்கும் உள்ள அட்மின் பாஸ்வேர்டு ஒரு கவரில் உங்கள் பீரோவில், பேக்கப்பின் ஒரு பிரதி அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது? 'நான்கு மணி நேரத்தில் ரெஸ்பான்ஸ்' என்று எழுதியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், போனை எடுத்து "பார்க்கிறோம் மேடம்" என்று சொன்னாலே அது ரெஸ்பான்ஸ் கணக்கு, சரிசெய்து முடிக்க எத்தனை மணி நேரம் என்று எழுதி வாங்குங்கள், முடிக்காவிட்டால் பில்லில் எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும். விட்டுப் போகிற ஷரத்து முக்கியம், 90 நாள் நோட்டீஸில் எல்லா டேட்டாவையும் பாஸ்வேர்டையும் இன்னொருவர் எடுத்து ஓட்டுகிற மாதிரி ஒப்படைக்க வேண்டும். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி சைபர் தாக்குதல் தெரிய வந்தால் 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தகவல் போக வேண்டும், லாக் பதிவுகள் (கம்ப்யூட்டரில் யார் எப்போது என்ன செய்தார் என்ற குறிப்பு) 180 நாள் இருக்க வேண்டும், ஆகவே வெண்டர் உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் சொல்லியாக வேண்டும் என்று போடுங்கள். ஷெட் பெண்களின் ஆதாரும் கைரேகையும் அவர்களிடம் போகப் போகிறது, 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டத்தில் வெளி ஆள் கோட்டை விட்டாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், அபராதத்தின் உச்சம் 250 கோடி. உங்கள் அளவுக்கு அவ்வளவு வராது, இருந்தாலும் அண்ணனுக்கு அந்த எண்ணைச் சொல்லிவையுங்கள், கொஞ்சம் நிதானிப்பார்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இருக்கிற இருவரையும் வைத்துக்கொள்வேன், போகிறவர் இடத்தை நிரப்பமாட்டேன், அந்தச் சம்பளத்துக்குள் அடங்குகிற மாதிரி ஐஸ் வேலைக்கு மட்டும் மதுரைக்காரரிடம் வேறு கொட்டேஷன் கேட்பேன். லாட் பதிவு தெரிந்தவருக்குச் சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்து வெண்டரை மேய்க்கும் பொறுப்பையும் கொடுப்பேன். போகிறவரை நோட்டீஸ் காலம் முழுக்க வேறு வேலை வாங்காமல், தெரிந்ததை எல்லாம் நோட்டில் எழுதவையுங்கள், டீ வாங்கிக் கொடுத்தாவது. மாற்றுகிற வேலையை ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்குமான 61 நாள் தடைக்காலத்தில் செய்யுங்கள். விசைப்படகு எல்லாம் கரையில் கிடக்கும், எடை மேஜை காற்று வாங்கும், ஏதாவது உடைந்தாலும் மீன் நாறாது. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள், புயல் வந்து கரண்டும் நெட்டும் போகிற மாதங்கள்.

கேள்வி: கீழக்கரையில் ஜவுளிக்கடை. நான்கு கம்ப்யூட்டர். துபாயில் இருக்கும் தம்பி, எல்லாவற்றையும் மாத வாடகைக்கு ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிடு என்கிறான். தேவையா?
ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: வெளியே கொடுக்க உங்களிடம் டிபார்ட்மென்டே இல்லையே பாய். கூப்பிட்டால் வருகிற ஒரு நல்ல பையனும் ஒரு சின்ன ஏ.எம்.சி.யும் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போதும். டாலி டேட்டாவை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் மாற்றி மாற்றி எடுங்கள், ஒன்று எப்போதும் வீட்டில், ஒயரைக் கழற்றிய நிலையில். இன்னொன்று, 2025 ஏப்ரல் முதல் சரக்கு அனுப்ப எடுக்கிற இ-வே பில் தளத்தில் எல்லோருக்கும் ஓ.டி.பி. கட்டாயம், அந்த ஓ.டி.பி. யார் செல்லுக்கு வருகிறது என்று இன்றே பாருங்கள். பாதிக் கடைகளில் அது ஆடிட்டர் ஆபீஸ் பையனின் நம்பர்.

கேள்வி: உச்சிப்புளி பக்கம் ஒரு மீன் கம்பெனியில் எட்டு வருடமாக ஐ.டி. பார்க்கிறேன். முதலாளி வெளி ஆளிடம் கொடுக்கப் போவதாகப் பேச்சு. அந்த வெண்டரே, எங்கள் கம்பெனிக்கு வந்துவிடு, இதே சீட்டில் உட்கார் என்கிறார். போகலாமா?
பெயர் வேண்டாம், உச்சிப்புளி

பதில்: முதல் கடிதம் எழுதியவரும் உங்கள் முதலாளியும் ஒருவரே இல்லை என்று நம்புகிறேன், இருந்தாலும் நல்லதுதான், இந்தப் பக்கத்தை அவரும் படிப்பார்.

சீட்டு அதேதான் இருக்கும், சர்வீஸ் அறுந்துவிடும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குக் கிராஜுவிட்டி உண்டு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து. அடிப்படைச் சம்பளம் 20,000 என்றால் எட்டு வருடத்துக்கு 92,300 ரூபாய் சொச்சம். அதைக் கையில் வாங்காமல் மாறாதீர்கள், "அவர்கள் சேர்த்துக் கொடுப்பார்கள்" என்ற வாய்ப்பேச்சு வேண்டாம். பி.எஃப். உங்களுக்கென்று உள்ள பழைய யு.ஏ.என். நம்பரிலேயே தொடரும், அதில் கவலையில்லை. புதிய ஆர்டரில் வேலை செய்யும் இடம் எது என்று பாருங்கள், 'தேவைப்படும் எந்தக் கிளையிலும்' என்று இருந்தால் ஆறாவது மாதம் ஓசூரில் இருப்பீர்கள்.

பாஸ்வேர்டை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு பேரம் பேசாதீர்கள். செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன், வேலையும் தங்கவில்லை, ஊரில் வேறு எவரும் சேர்க்கவும் இல்லை. வெண்டர் வந்தாலும் அவரைக் கேள்வி கேட்க உள்ளே ஓர் ஆள் வேண்டும், லாட் பதிவு தெரிந்த உங்களைவிட அதற்கு வேறு யார் இருக்கிறார்? அதை முதலாளியிடம் நேரில் சொல்லுங்கள், கையோடு போன வருடத்து லாட் ஃபைல் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், ஒரு பெட்டியை எடுத்து அது எந்தப் படகு என்று அவர் கண்முன் இரண்டு நிமிடத்தில் காட்டுங்கள். ஞாயிறு காலை மட்டும் போகாதீர்கள், எடை மேஜையில் நின்றுகொண்டிருப்பார், காதில் எதுவும் ஏறாது.