ஒற்றை டிரான்சிஸ்டரும் அப்பத்தா பாட்டும்

கேள்வி: ஐயா, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒற்றை டிரான்சிஸ்டர் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் செய்தேன். எங்கள் மொட்டை மாடிவரைதான் எடுக்கிறது. அப்பத்தா பாடும் நடவுப் பாட்டுகளைத் தெரு முழுக்கக் கேட்க வைக்க ஆசை. இன்னொரு டிரான்சிஸ்டரும் நீளமான ஏரியலும் சேர்க்கலாமா?
- பிளஸ் டூ மாணவன், ராஜபாளையம்

பதில்: சேர்க்காதீர்கள் தம்பி. முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது காயில் (கம்பிச் சுருள்) பக்கம் கையைக் கொண்டுபோங்கள். ரேடியோவில் ஸ்டேஷன் நகர்ந்துவிடும். அலையை உண்டாக்குவது, அதில் குரலை ஏற்றுவது, ஏரியலுக்குத் தள்ளுவது என்று மூன்று வேலையையும் அந்த ஒரே டிரான்சிஸ்டர் பார்க்கிறது. அதனால் அலைவரிசை நிலைக்காது. 100 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் 200-லும் கொஞ்சம் கசியும். மாடியளவில் இதனால் பெரிய தொல்லை இல்லை. சக்தியைக் கூட்டினால் கசிவும் கூடும், நிலைக்காத அலையும் தூரம் போகும். பக்கத்து வீட்டில் கொடைக்கானல் பண்பலை 100.5 கேட்பவருக்கு இரைச்சல்தான் வரும். பண்பலை 108-இல் முடிகிறது. அதற்கு மேலே, விமானத்தை ஓடுபாதைக்கு நேராகக் கொண்டுவரும் சிக்னல்கள் இருக்கின்றன. இந்த விஷயத்தில் நான் கண்டிப்பானவன்.

சட்டமும் இடம் கொடுக்காது. 1885-இன் தந்திச் சட்டம், 1933-இன் கம்பியில்லாத் தந்திச் சட்டம் ஆகியவற்றுக்குப் பதிலாக இப்போது 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. அனுமதியில்லாமல் ஒலிபரப்புவது பழைய சட்டத்திலும் குற்றம், புதியதிலும் குற்றம். பீகாரில் மன்சூர்பூர் கிராமத்தில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ராகவ் மஹதோ, ஐம்பது ரூபாய்ச் செலவில் கருவி செய்து ஊருக்கே பாட்டும் தகவலும் ஒலிபரப்பினார். உரிமம் இல்லை என்று 2006-இல் அதை மூடினார்கள். அதே ஆண்டு நவம்பரில்தான் சமுதாய வானொலி, அதாவது ஒரு வட்டார மக்களுக்கான சிறு நிலையம், தொண்டு நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஆனாலும் இன்றுவரை தனி மனிதர் விண்ணப்பிக்க வழியில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அமெரிக்காவில் சுமார் 60 மீட்டர் எட்டும் எஃப்.எம். கருவிக்கு உரிமம் தேவையில்லை. ஜப்பானில் 1980-களில் அப்படிப்பட்ட சிறு சக்திக் கருவிகளால் தெருவுக்குத் தெரு ‘மினி எஃப்.எம்.’ முளைத்தது. ஒரு தெரு அளவுக்காவது நம் பிள்ளைகளுக்கும் சட்டம் இடம் விட வேண்டும்.

அதுவரை உங்களுக்கு உள்ள வழி சமுதாய வானொலி. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4-இல் தொடங்கியது நாட்டின் முதல் வளாக நிலையம். பாம்பனில் மீனவர்களுக்காகவே ‘கடல் ஓசை’ ஒலிக்கிறது. பொதுவாக இவற்றுக்கு 100 வாட் சக்தி, 30 மீட்டர் கோபுரம், ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் எல்லை. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் உருவானதாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அப்பத்தாவின் பாட்டு அவர்களுக்குத் தேவையான சரக்கு. செல்போனிலேயே பதிவு செய்யுங்கள், மின்விசிறியை நிறுத்திவிட்டு. எந்த வேலைக்கு எந்தப் பாட்டு, யாரிடம் கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அருகிலுள்ள கல்லூரி நிலையத்துக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. ஹாம் உரிமம் வாங்கினால் பாட்டு ஒலிபரப்பலாமா?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: கூடாதம்மா. ஹாம் என்பது பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு. உரிமம் பெற்ற ஒருவர் இன்னொருவரோடு பேசுவதற்கு. பாட்டு, விளம்பரம், பொதுமக்களுக்கான செய்தி எதற்கும் அனுமதியில்லை. அதற்காக விட்டுவிடாதீர்கள். 2004 சுனாமியில் அந்தமானின் தொடர்புகள் அறுந்தபோது, ஹாம் தொடர்புப் பயணமாக போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர்தான் தீவுகளிலிருந்து தகவல்களைக் கடத்தினார்கள். 12 வயது நிரம்பியவர் தேர்வு எழுதலாம். வானொலித் தொழில்நுட்பம், விதிமுறைகள் என இரண்டு பகுதி. உரிமத்தில் ‘ரெஸ்ட்ரிக்டட்’ நிலைக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் செய்தி அனுப்பும் முறை) வேண்டாம், ‘ஜெனரல்’ நிலைக்கு வேண்டும். விதிமுறைப் பகுதியை முதலில் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதைத்தான் கடைசிக்குத் தள்ளிவைக்கிறார்கள்.