7.40 ரயிலும் மூன்று பாட்டில் பாலும்

கேள்வி: எனக்கு ஏழு மாதப் பெண் குழந்தை. பிரசவ விடுப்பும் அதன்பின் எடுத்த சம்பளமில்லா விடுப்பும் முடிந்து, அடுத்த மாதம் வேலையில் சேர வேண்டும். வீடு கூடுவாஞ்சேரி, ஆபீஸ் நுங்கம்பாக்கம். காலை 7.40 மின்சார ரயிலைப் பிடித்தால்தான் 9 மணிக்குப் போய்ச் சேர முடியும். மாலை 6 மணிக்குக் கிளம்பினால் வீடு வர 7.30. பகலில் மாமியார் பார்த்துக்கொள்வார். 'பன்னிரண்டு மணி நேரம் பிரிஞ்சிருந்தா பால் வத்திப்போயிடும், இப்பவே பவுடர் பாலுக்குப் பழக்கிடு' என்கிறார். ஒரு வயது வரையாவது தாய்ப்பால் கொடுக்க ஆசை. முடியுமா? — ஒரு வாசகி, கூடுவாஞ்சேரி

பதில்: முடியும். உங்கள் மாமியார் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. பால் வற்றுவது வேலைக்குப் போவதால் அல்ல, மார்பில் சேர்ந்த பாலை எடுக்காமல் விடுவதால். எடுக்க எடுக்கத்தான் சுரக்கும். கட்டிக்கொண்டு அப்படியே நின்றால், இவ்வளவு தேவையில்லை என்று உடம்பு குறைத்துக்கொள்ளும். அதனால் 'பன்னிரண்டு மணி நேரம்' என்ற மொத்தக் கணக்கை விட்டுவிடுங்கள். ஒரு முறை பால் வெளியேறியதற்கும் அடுத்த முறைக்கும் நடுவே எத்தனை மணி நேரம் போகிறது, அதுதான் கணக்கு. அது நான்கு மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் நாளை அப்படிப் பிரித்துப் பார்ப்போம். கிளம்புமுன் 7 மணிக்கு ஒரு முறை ஊட்டிவிடுங்கள். ஆபீஸில் 10.15, 1.15, 4.45 என மூன்று முறை எடுங்கள். 7.30க்கு வீட்டில் மறுபடி குழந்தை. பலர் கடைசி முறையை 3.30க்கே முடித்துவிட்டு, 'இனி வீட்டுக்குத்தானே போறோம்' என்று விட்டுவிடுவார்கள். ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் இடைவெளி ஐந்து மணி நேரமாகிவிடும். செங்கல்பட்டு வண்டியில் நின்றுகொண்டே மார்பு கல்லாகி, ரவிக்கை நனைந்து வருவது இப்படித்தான். 4.45க்கு எடுத்திருந்தால் அதே தாமதத்திலும் நாலு மணி நேரத்துக்குள் வீட்டில் இருப்பீர்கள்.

மாலையில் கடற்கரையிலிருந்து வரும் வண்டிகளில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும், செங்கல்பட்டு வரை போவது குறைவு என்பது உங்களுக்கே தெரியும். செங்கல்பட்டு வண்டிகளின் நேரத்தை மட்டும் குறித்துவைத்து, அதற்கேற்ப ஆபீஸிலிருந்து கிளம்புங்கள். தாம்பரத்தில் இறங்கி பஸ் பிடிக்கலாம் என்று வெள்ளிக்கிழமை மாலை மட்டும் நினைக்காதீர்கள். ஊருக்குப் போகிறவர்களின் கூட்டத்தில் ஜி.எஸ்.டி. ரோடு நகராது. சில அரசு விடுமுறை நாட்களில் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி வண்டிகள் ஓடும். அன்று உங்கள் ஆபீஸ் இருந்தால் முந்தின இரவே நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்று வேளையும் ஆபீஸில் கிடைக்குமா என்பதுதான் அடுத்த கேள்வி. குழந்தைக்கு 15 மாதம் முடியும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் தர வேண்டும் என்று மகப்பேறு பயன் சட்டம் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த, 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே உரிமை இருக்கிறது. சட்டம் தரும் இரண்டோடு சாப்பாட்டு நேரத்தைச் சேர்த்தால் உங்களுக்கு வேண்டிய மூன்று வந்துவிட்டது. சேர்வதற்கு இரண்டு வாரம் முன்பே எச்.ஆருக்கு மெயில் அனுப்புங்கள். குழந்தை பிறந்த தேதி, 15 மாதம் நிறையும் தேதி, மூன்று நேரங்கள், உள்தாழ்ப்பாளும் பிளக் பாயின்டும் உள்ள ஓர் அறை, இவ்வளவு எழுதினால் போதும். 'கழிவறையில் எடுத்துக்கொள்ளுங்களேன்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது உணவு. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் விதி உண்டு. ஆனால் ஏழு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு 7.40 வண்டியில் ஏறச் சொல்ல எங்களுக்கு மனமில்லை.

பால் எடுக்கும் பம்ப் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் மின்சார வகை வாங்குங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் முடியும். கையால் அழுத்தும் பம்பில் ஒவ்வொரு பக்கமாக எடுத்தால் அரை மணி நேரம் ஓடிவிடும், நடுவில் யாராவது கதவைத் தட்டுவார்கள். மார்பில் பொருத்தும் புனல் அளவு சரியாக இருக்க வேண்டும். இழுக்கும்போது காம்பு சுவரில் உரசாமல் போய்வர வேண்டும், சுற்றியுள்ள கருவட்டம் அதிகம் உள்ளே போகக் கூடாது. வலித்தால் அளவு தப்பு, பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, பம்புக்குள் வாத்து மூக்கு போல ஒரு சின்ன ரப்பர் வால்வு இருக்கும். அதன் நுனியில் மெல்லிய கீறல். தினமும் மூன்று முறை இழுத்து இழுத்து, சில வாரங்களில் அந்தக் கீறல் வாய் பிளந்துகொள்ளும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடைவெளி தெரியும். இழுவிசை குறைந்து, 100 மில்லி வந்த இடத்தில் 50 வரும். 'பால் வத்திடுச்சு' என்று அழுதுகொண்டு எழுதுபவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, வால்வை எப்போது மாற்றினீர்கள் என்பதுதான். பையில் எப்போதும் ஒரு ஜோடி உபரி இருக்கட்டும்.

எவ்வளவு பால் வேண்டும்? பிரிந்திருக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 30 மில்லி என்பது பொதுக் கணக்கு. அந்தக் கணக்கில் 375 மில்லி வருகிறது. ஆனால் ஏழு மாதத்தில் கேழ்வரகுக் கூழும் மசித்த பருப்புச் சாதமும் இரண்டு மூன்று வேளை உள்ளே போவதால், 250 முதல் 300 மில்லி போதும். 80 முதல் 100 மில்லியாக மூன்று வேளை. ஃப்ரீசர் நிறையப் பைகளை அடுக்கிய படங்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். உங்களுக்குத் தேவை இரண்டு நாள் கையிருப்பு, அதாவது 600 மில்லி. சேர்வதற்கு மூன்று வாரம் முன்பிருந்து, விடியற்காலை ஊட்டி முடித்ததும் தினம் ஒரு முறை எடுத்தால் 30 முதல் 50 மில்லி வரும். 60 மில்லிக்கு மேல் ஒரு பையில் வேண்டாம், உறையும்போது உப்பும் என்பதால் மேலே இடம் விடுங்கள். ஃப்ரீசருக்குத் தனிக் கதவு இருந்தால் ஆறு மாதம் வரை வைக்கலாம். ஒற்றைக் கதவுப் பிரிட்ஜின் உள்ளேயே இருக்கும் ஐஸ் பெட்டி என்றால் இரண்டு வாரத்துக்குள் செலவழித்துவிடுங்கள்.

வேலைக்குப் போக ஆரம்பித்ததும், முதல் நாளைத் தவிர கையிருப்பைத் தொட வேண்டியிருக்காது. இன்று ஆபீஸில் எடுத்தது நாளைக்கு. வெள்ளிக்கிழமை எடுத்தது பிரிட்ஜில் இருந்து திங்கட்கிழமைக்கு. பிரிட்ஜில் நான்கு நாள் தாங்கும். கதவில் வைக்காமல், உள்தட்டில் பின்பக்கம் வையுங்கள். பவர் கட் நீண்டால் மட்டும் இந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

எடுத்த பால் வெளியே நான்கு மணி நேரம் இருக்கலாம் என்று படித்திருப்பீர்கள். அது 25 டிகிரி அறைக்குச் சொன்னது, சென்னைக்கு அல்ல. எடுத்த உடனே ஆபீஸ் பிரிட்ஜிலோ கூலர் பையிலோ வைத்துவிடுங்கள். இரவு முழுக்க ஃப்ரீசரில் இறுகிய மூன்று ஐஸ் பேக்குகள் பாட்டில்களை ஒட்டி இருந்தால், மூடிய பை 24 மணி நேரம் வரை தாங்கும். காலையில் கொண்டுபோகும் ஐஸ் பேக்குகளைப் பகலில் ஆபீஸ் ஃப்ரீசரில் போட்டு, மாலையில் எடுத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்குப் பால் பைகள் வேண்டாம். லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் தாம்பரம் வரை மூச்சு விட இடமிருக்காது, நெரிசலில் பை பிதுங்கிவிடும். இறுக்கி மூடும் 150 மில்லி பாட்டில்களை நிமிர்த்தி வையுங்கள். பம்பின் பாகங்களை இரண்டு செட் வைத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம். இரவில் அவற்றைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுப்பது உங்கள் கணவரின் வேலையாக இருக்கட்டும். நீங்கள் வந்ததும் குழந்தை உங்களை விடாது.

மாமியாரிடம் சில விஷயங்களைச் சொல்லிவையுங்கள், சொல்லாமல் விட்டால் தவறு நிச்சயம் நடக்கும். தாய்ப்பாலைக் காய்ச்சக் கூடாது. பிரிட்ஜில் வைத்த பாலில் ஏடு மேலே, தண்ணீர் போன்றது கீழே என்று பிரிந்து நிற்கும். திரிந்துவிட்டதென்று கொட்டிவிடுவார். கொட்ட வேண்டாம், மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். 'ஜில்லுனு குடுத்தா சளி பிடிக்கும்' என்றால், வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை ஐந்து நிமிடம் நிறுத்தினால் போதும். குழந்தை வாய் வைத்து மீதி விட்டதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சங்கிலோ சின்னக் கிண்ணத்திலோ கொடுக்கச் சொல்லுங்கள், அவருக்கு அது கைவந்த கலையாக இருக்கும். மாலை 6 மணிக்கு மேல் பசித்து அழுதால் 30 மில்லி மட்டும். வயிறு நிறையக் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டால் 7.30க்கு நீங்கள் கட்டிய மார்போடு உட்கார்ந்திருப்பீர்கள்.

முதல் சில வாரம் குழந்தை பகலில் குறைவாகக் குடித்துவிட்டு, இரவில் அடிக்கடி எழுந்து குடிக்கலாம். பால் போதாததால் அல்ல, உங்களைத் தேடுவதால்தான். மார்பில் ஓரிடம் கட்டியாகச் சிவந்து வலித்தால் அந்தப் பக்கம் ஊட்டுவதை நிறுத்தாதீர்கள். குளிர்ந்த துணியை ஒற்றி எடுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அன்றே டாக்டரிடம் போங்கள்.

சேரும் நாளைத் திங்கட்கிழமையாக வைக்காமல் வியாழக்கிழமையாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப்பாருங்கள். இரண்டு நாள் போய்வந்தால் எந்த வேளை பிசகுகிறது, எந்த வண்டி ஏமாற்றுகிறது என்று தெரிந்துவிடும். சரிசெய்ய சனியும் ஞாயிறும் கையில் இருக்கும்.