வாசகர் கேள்வி: மாடி விளிம்பில் ஒரு பிள்ளை

கேள்வி: ‘ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்’ சித்திரக்கதையின் 10ஆவது இதழில், மாடி விளிம்பில் நிற்கும் பிள்ளையைச் சூப்பர்மேன் தடுக்கும் அந்த ஒரே பக்கம் மனதை விட்டுப் போகவே இல்லை. அப்படி ஒரு காட்சியைத் தமிழில் வரைந்து பார்த்தால், நாயகன் உபதேசியாராகவே வந்து நிற்கிறார். எங்கே பிழைக்கிறது?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: அவர் வாய் திறக்கும் முதல் வரியில். ‘வாழ்க்கை பெறுமதியானது’ என்று தொடங்கினால் காட்சி அங்கேயே விழுந்துவிடும். கிராண்ட் மோரிசன் எழுதியதைத் திரும்பப் பாருங்கள்: உன் வைத்தியர் உண்மையிலேயே வழியில் தாமதமாகிவிட்டார் என்பதைத்தான் சூப்பர்மேன் முதலில் சொல்கிறார். தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று அந்தப் பிள்ளை நம்பியது எதனாலோ, அதற்குப் பதில் கிடைக்கிறது. நீ நினைப்பதைவிட நீ பலமானவள் என்பது அதற்குப் பிறகு. இந்த ஒழுங்கைப் புரட்டினால் அதே வார்த்தைகள் உபதேசமாகிவிடும். சூப்பர்மேனுடைய ஆயுளே முடிந்துகொண்டிருக்கும் கதை இது. ஆனாலும் அந்தப் பக்கத்தில் அவசரம் துளியும் இல்லை.

அடுத்தது கோணம். கீழிருந்து அண்ணாந்து பார்க்கிற மாதிரி வரைந்தால் நாயகன் சிலையாகிவிடுவார். கண்மட்டத்தில் வையுங்கள். அங்கி பறக்க வேண்டாம், விரல்கள் மடங்க வேண்டாம். சூப்பர்மேன் சாதாரண ஆளாக நடமாடும் வேடம் கிளார்க் கென்ட்; ஓவியர் பிராங்க் குவைட்லி வரைந்த அந்தக் கென்ட்டையும் ஒருமுறை கவனியுங்கள்: கூன் விழுந்த தோள், தொளதொளவென்ற உடுப்பு. முதல் இதழில் தெருவில் ஒருவரோடு மோதுகிறார். அந்த ஆள் எரிந்து விழுகிறார். மேலிருந்து விழும் பொருள் அவர் தலையில் விழாமல் காத்தது அந்த மோதல்தான் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. நன்றி எதிர்பாராத உதவியை ஒரு சொல்லும் இல்லாமல் படமே சொல்லிவிடுகிறது!

வசனம் எழுதும் பலூன் விஷயத்தில் தமிழுக்குத் தனிச் சிக்கல் உண்டு. ஆங்கிலச் சித்திரக்கதைகளில் பெரும்பாலும் கெப்பிட்டல் எழுத்துகளே. மேலும் கீழும் நீளாது. நமக்கு ‘கீ’ மேலே சுழிக்கும், ‘மூ’ கீழே இறங்கும். எழுத்துயரத்தில் பாதியாவது வரிகளுக்கிடையே விடாவிட்டால் ஒன்றோடொன்று முட்டும். வசனத்தை முதலில் பென்சிலால் எழுதிவிட்டு, பலூனைப் பிறகு சுற்றி வரையுங்கள். நீண்ட சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோக வேண்டாம். உருக்கமான இடத்தில் வாசிப்பு தடுக்கி நிற்கும். ஒரு பலூனுக்குப் பன்னிரண்டு சொல் போதும். A4 தாளில் ஐந்து கட்டம், கடைசி அணைப்புக்குப் பலூனே வேண்டாம்.

கேள்வி: சூப்பர்மேன் தொடக்கத்திலேயே இப்படி இளகிய மனதுக்காரரா?
– ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இரக்கம் 1938லேயே இருந்தது. ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் படைத்த முதல் கதையில், குற்றமற்ற ஒரு பெண்ணை மரண தண்டனையிலிருந்து காப்பாற்றுகிறார்; மனைவியை அடிக்கிறவனைத் தடுக்கிறார். பொறுமைதான் இல்லை. ஆளுநரை எழுப்ப அவருடைய படுக்கையறை இரும்புக் கதவையே பிய்த்துக்கொண்டு உள்ளே போகிறார்.