விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு ஏன் இப்படித் தடுமாறுகிறது?

கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் உபுண்டு லினக்ஸை ஓட்டும்போது திரை 800×600-லேயே நிற்கிறது, ஜன்னலை இழுத்தால் திக்கித் திக்கி நகர்கிறது என்கிறீர்கள். இரண்டும் வெவ்வேறு கோளாறுகள்.

திரை அளவுக்குக் காரணம் பெரும்பாலும் கெஸ்ட் அடிஷன்ஸ் (உள்ளே ஓடும் சிஸ்டத்துக்கு விர்ச்சுவல்பாக்ஸ் தரும் டிரைவர் தொகுப்பு) இல்லாததுதான். உபுண்டுவுக்குள் முதலில் கெர்னல் ஹெடர்களையும் (டிரைவரை உருவாக்கத் தேவையான கெர்னல் கோப்புகள்) பில்ட்-எசென்ஷியலையும் (கம்பைலர் முதலான கருவிகளின் தொகுப்பு) நிறுவுங்கள். அவை இல்லாவிட்டால் கெஸ்ட் அடிஷன்ஸின் கெர்னல் மாட்யூல் உருவாகாது. பலர் சறுக்கும் இடம் இதுதான். பிறகு கெஸ்ட் அடிஷன்ஸை நிறுவி ரீஸ்டார்ட் செய்தால், ஜன்னலை இழுக்க இழுக்கத் திரையும் கூடவே விரியும்.

தடுமாற்றத்துக்கு, டெர்மினலில் கிராஃபிக்ஸ் விவரம் காட்டும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ (glxinfo) கட்டளையை ஓட்டி 'ரெண்டரர்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே எல்எல்விஎம்பைப் (llvmpipe) என்று இருந்தால், கிராஃபிக்ஸ் வேலை முழுவதையும் சிபியுவே சுமக்கிறது என்று பொருள். உபுண்டுவின் வழக்கமான க்னோம் டெஸ்க்டாப்போடு சேரும்போது அது பெரிய பாரம். விர்ச்சுவல் மெஷினை முழுவதுமாக அணைத்துவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸில் அதன் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதியில் கிராஃபிக்ஸ் கன்ட்ரோலரை விஎம்எஸ்விஜிஏ (VMSVGA) என்றும், வீடியோ மெமரியை 128 எம்பி என்றும் வைத்து, 3டி ஆக்சிலரேஷனை ஆன் செய்யுங்கள். அதனால் திரை கருப்பாகிப்போனால், 3டியை அணைத்துவிட்டு எக்ஸ்எஃப்சிஇ (Xfce) என்ற இலகுவான டெஸ்க்டாப்புக்கு மாறுங்கள். பழைய கணினிகளில் நான் நேராக அதைத்தான் போடுவேன்.

விர்ச்சுவல் மெஷினுக்கு ரேம் 4 ஜிபி கொடுங்கள். கணினியில் 4 கோர் இருந்தால் 2 போதும். எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தால் வெளியே இருக்கும் சிஸ்டம் மூச்சுத் திணறும், உள்ளே ஓடுவதும் சேர்ந்து திணறும்.