இலங்கையின் கடன் நெருக்கடிக்கு யார் பொறுப்பு?

“எல்லாரும் சேர்ந்துதானே நாட்டைக் கெடுத்தோம், பிறகு ஏன் ஆட்சியாளரை மட்டும் குறை சொல்ல வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

2019 டிசம்பரில் கோட்டாபய ராஜபக்ச ஆட்சியில் வற் வரியை (பொருள், சேவைகள் மீதான பெறுமதி சேர் வரி) 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டினார்கள். வருடத்துக்கு 300 மில்லியன் ரூபாய்க்குக் கீழே வியாபாரம் செய்தவர்கள் அந்த வரிக்குப் பதியவே தேவையில்லை என்றானது. திறைசேரி வற்றியது. மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற மீனவரா இதைக் கேட்டார்? டொலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்த 2022 ஜனவரியில்கூட, 500 மில்லியன் டொலர் பிணைமுறிக் கடனை (அரசு கடன் பத்திரம் விற்று வாங்கிய கடன்) அடைத்தார்கள். மூன்றே மாதத்தில், ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்தார்கள். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றமே 4க்கு 1 என்ற பெரும்பான்மையில் கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ச, முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்கள் உள்ளிட்டோரை நெருக்கடிக்குப் பொறுப்பாளிகள் என்றது.

கடன் கொடுத்தவர்களும் தப்ப முடியாது. 2007 முதல் அரசு வெளிநாட்டுச் சந்தையில் விற்ற பிணைமுறிகளுக்கு அதிக வட்டி கொடுத்ததே, பணம் திரும்பாமல் போகும் ஆபத்து இருந்ததால்தான். (சீனக் கடன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது சரியல்ல; பிணைமுறிகளின் பங்கு அதைவிடப் பெரியது.)

சுமை யார் தலையில் விழுந்தது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில், அதாவது நாட்டுக்குள் வாங்கிய கடனின் நிபந்தனைகளை அரசு மாற்றியபோது, வங்கிகளிடமிருந்த திறைசேரி முறிகளை (அரசின் உள்நாட்டுக் கடன் பத்திரங்கள்) தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதியத்தின் முறிகளைத் தொட்டார்கள். அது தோட்டத் தொழிலாளியும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும் மாதாமாதம் சேர்த்த ஓய்வுகாலப் பணம். 2024 ஜனவரியில் வற் 18 வீதமானபோதும் அதே கைகள்தான் கட்டின.