ஆண்களுக்கு மன உறுதி அதிகமா? எனக்கு ஈ.சி.ஜி. எடுத்த கதை

கேள்வி: கொரோனா காலத்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கே மன அழுத்தம் அதிகமாக இருந்ததாம். அப்படியென்றால் ஆண்களுக்கு இயல்பிலேயே மன உறுதி அதிகமா?

பதில்:

கேட்ட விதத்தைப் பார்த்தால், வீட்டில் யாரோ அழுததைப் பார்த்துவிட்டு 'நமக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று நினைத்தவர் போலத் தெரிகிறது. தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், 2020 ஜூலை வரைக்கும்.

மதுரையில் ஒரு கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். செமஸ்டர் நேரத்தில் டீ குடிக்கக்கூட நேரம் இருக்காது. மார்ச் 24 சாயங்காலம் ஷட்டரை இறக்கினேன். 21 நாள் என்றார்கள். கல்லூரிப் பிள்ளைகளை மறுபடி கண்ணில் பார்த்தது டிசம்பரில்.

மனைவி அப்போது ஒரு தனியார் பள்ளியில் யூ.கே.ஜி. டீச்சர். ஏப்ரலில் பாதிச் சம்பளம், ஜூனில் 'தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம்'. ஆக, எங்கள் இரண்டு பேருக்குமே பிழைப்பு போயிற்று. ஆனால் போன் போட்ட சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கேட்டது 'கடை என்னப்பா ஆச்சு?' என்றுதான். அவளைப் பெற்ற என் மாமனார்கூட என் கடையைத்தான் விசாரித்தார். அவளுடைய வேலையைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். 'சரி விடு, வீட்டுல ஒரு ஆள் சும்மா இருந்தா பிள்ளைங்களைப் பார்த்துக்கலாம்' என்று ஆறுதல் வேறு சொன்னேன்.

அவள் சும்மா இருந்த லட்சணம் இதுதான். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே போன், ஆன்லைன் கிளாஸ் ஒரே நேரத்தில். அப்பாவுக்குச் சர்க்கரை, அவருக்குத் தனிச் சமையல். மதியம் கடையிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் மூன்று வேளையும் வீட்டில், நடுவில் நாலு தடவை டீ. அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பிலேயே, வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. எங்கள் வீட்டில் அந்த 97ஐச் சொன்னால் சிரிப்பார்கள். நான் செய்தது காய்கறியை உப்புத் தண்ணீரில் போட்டுக் கழுவியது மட்டும். அதையும் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டேன்.

ராத்திரி ஒன்பதரைக்கு மேல் மொட்டை மாடிக்குப் போய் அவளுடைய அக்காவிடம் ஒரு மணி நேரம் போனில் பேசுவாள். அழுவாள். கீழே கேட்கும். 'ஊரு உலகமே இப்படித்தான் கிடக்கு, நீ மட்டும் என்ன ஒப்பாரி வைக்கிற' என்று ஒரு நாள் கேட்டேன். இப்போது எழுதக் கூசுகிறது, ஆனால் கேட்டேன்.

நான் அழவில்லை. மே மாதம் கெடுபிடி தளர்ந்ததும் தினமும் காலையில் கடைக்குக் கிளம்பிவிடுவேன். ஷட்டரைப் பாதி ஏற்றிவிட்டு உள்ளே உட்காருவேன். மெஷின் ஓடாமல் கிடந்தால் கெட்டுப்போகும் என்று வெள்ளைத்தாளாக இருபது முப்பது ஓட்டுவேன். வெளியே வந்த தாளை எடுத்துத் தட்டிச் சீராக்கி, மறுபடி ட்ரேயில் வைத்து ஓட்டுவேன். பகலெல்லாம் இதுதான். சாயங்காலம் 'இன்னைக்கு எப்படிங்க?' என்பாள். 'பரவாயில்லை' என்பேன். வீட்டில் ஒரு பென்சில் கீழே விழுந்தால் கத்துவேன். அதற்கு மன அழுத்தம் என்று பெயர் என்று யாருக்குத் தெரியும்? கோபம் என்று நினைத்தேன். ஆம்பளைக்குக் கோபம் வரும்தானே.

ஜூன் 24இல் மதுரைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு. அந்தப் பாதி ஷட்டரும் போயிற்று. பத்துப் பதினைந்து நாளில், ஒரு நடுராத்திரி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேர்த்துக் கொட்டியது. பக்கத்து வீட்டுத் தம்பி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். ஈ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை. கவச உடைக்குள் இருந்த டாக்டருக்குக் கண் மட்டும்தான் தெரிந்தது.

'தூக்கமெல்லாம் எப்படி சார்?'

'நல்லாத் தூங்குறேன்.'

பின்னால் நின்ற மனைவி, 'இவரு தூங்கி மூணு மாசம் ஆச்சு டாக்டர். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காந்து கால்குலேட்டரைத் தட்டிக்கிட்டிருக்காரு' என்றாள்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். நான் போனது செப்டம்பரில், அதுவும் அவள் பிடித்து இழுத்துக்கொண்டு போய். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த ஜூனில் எங்கள் வீட்டுக்கு யாராவது போன் போட்டு 'கவலையாக இருக்கிறதா, தூக்கம் வருகிறதா' என்று கணக்கெடுத்திருந்தால், நான் எல்லாவற்றுக்கும் 'ஒன்றும் இல்லை' என்றிருப்பேன். அவள் உள்ளதைச் சொல்லியிருப்பாள். ஆணுக்குச் சைபர், பெண்ணுக்கு நூறு என்று பதிவாகியிருக்கும்.

உடனே, பெண்கள் பட்டதை வெறும் பேச்சு என்கிறான் என்று சண்டைக்கு வர வேண்டாம். 2021 அக்டோபரில் லான்செட் இதழில் வந்த ஆய்வு, 2020இல் உலகம் முழுக்கக் கூடுதலாக 5.3 கோடிப் பேருக்குத் தீவிர மனச்சோர்வு வந்ததாகவும் அதில் சுமார் 3.5 கோடிப் பேர் பெண்கள் என்றும் மதிப்பிட்டது. என் வீட்டில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன், அதை நம்புகிறேன். எனக்கு வேலை நின்றது. அவளுக்கு வேலையும் போய், வேலையும் கூடியது. ஆனால் அதே 2020இல் நம் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட 1,53,052 பேரில் 1,08,532 பேர் ஆண்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். கொரோனாவுக்கு முன்பும் ஆண்கள்தான் அதிகம், எல்லாப் பழியையும் நோய்மேல் போட முடியாது. ஆனாலும் இந்தக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'மன உறுதி' என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆண்கள் சங்கத்து ஆள் என்று முத்திரை குத்துபவர்கள் குத்திக்கொள்ளுங்கள்.

இந்தக் கால்குலேட்டர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மெஷின் வாங்க ஒரு பைனான்ஸில் கடன் இருந்தது. ரிசர்வ் வங்கி தவணையைத் தள்ளிப்போடலாம் என்று மார்ச்சில் மூன்று மாதம், அப்புறம் ஆகஸ்ட் வரை என்று அறிவித்ததும், ஏதோ தள்ளுபடி மாதிரி நினைத்துச் சந்தோஷப்பட்ட முட்டாள்களில் நானும் ஒருவன். வட்டி பாட்டுக்கு ஓடியது. வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2021 மார்ச் ஆயிற்று. அதற்குள் வசூலுக்குப் பேசும் பையன், என் மகன் வயதுதான் இருக்கும், 'கட்ட வக்கில்லாதவன் எதுக்குய்யா வாங்குன' என்று கேட்டுவிட்டான். ஆறு மாத மாத்திரையில் ஒரு மாத மாத்திரையாவது அவனுக்காக.

அக்கம்பக்கத்தில் யாருக்காவது இப்படி இருந்தால் 14416க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர், தமிழில் பேசலாம், காசு கிடையாது. 2022இல்தான் வந்தது, எங்களுக்கு அப்போது இல்லை.

ஒரு மெஷினை விற்றுவிட்டேன். மனைவி பழைய பள்ளிக்குப் போகவில்லை, வீட்டிலேயே ட்யூஷன் எடுக்கிறாள். மொட்டை மாடி போன் இன்னும் உண்டு. சில நாள் அவளுடைய அக்கா, 'மாப்பிள்ளைகிட்டக் கொடு' என்கிறார். இரண்டு நிமிடம் பேசிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், அதற்கு மேல் என்ன பேசுவதென்று தெரியவில்லை.